ஒழுக்கமும் அறமும்: மதுரை மறைத்தளம் தரும் மூன்று நூற்றாண்டுப் பாடம்

அறம் என்றும் ஒழுக்கம் என்றும் நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். மறைக்கல்வி வகுப்பிலும் மறையுரையிலும் இவ்விரு சொற்களும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் சேர்ந்தே வந்து போகின்றன. ஒழுக்கமுள்ளவர் அறவோர் என்றும், அறவோர் ஒழுக்கம் தவறாதவர் என்றும் எண்ணி நிறைவு கொள்கிறோம். ஆயினும் வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினால், ஒழுக்கத்தில் சிறிதும் வழுவாத ஊர் அறத்தில் பெரிதும் வழுவி நின்ற காட்சியைக் காண்கிறோம். முன்னோர் வகுத்த நெறியை மயிரிழையும் பிசகாமல் காத்தவர்களே, அடுத்திருந்த மனிதரைக் கோயிற் சுவருக்கு அப்பால் நிறுத்தியதையும் காண்கிறோம். அவ்வாறாயின் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? அதனை மறந்தால் விளையும் கேடு யாது? இவற்றுக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. 1606 முதல் 1910 வரை தமிழகத் திருச்சபை நடந்துவந்த பாதையே போதிய சான்றாகும்.

சொற்களின் பிறப்பு

மேனாட்டார் இவ்வேறுபாட்டை ‘எத்திக்ஸ்’, ‘மொராலிட்டி’ என்னும் இரு சொற்களால் குறிப்பர். பிறப்பை நோக்கின் இவை இரண்டும் ஒரே பொருளன என்பது வியப்பிற்குரியது. பழக்கத்தையும் அதனால் உருவாகும் பண்பையும் குறித்துக் கிரேக்கர் வழங்கிய சொல்லிலிருந்து முன்னது வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் சிசரோ, அக்கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக, வழக்கங்கள் எனப் பொருள்படும் ‘மோரெஸ்’ என்பதிலிருந்து ‘மொராலிஸ்’ என்னும் புதுச்சொல்லை ஆக்கினார். காலப்போக்கில் அறிஞர் இவற்றிடையே ஒரு கோடு கிழித்தனர். ஒரு சமூகம் தன் மக்களுக்குக் கற்பித்து, தவறினால் அவர்களை வெட்கப்படச் செய்யும் நடைமுறைகளின் தொகுதி ஒன்று. அந்நடைமுறைகள் சரிதானா என்று காரணம் கேட்டு ஆராயும் சிந்தனை மற்றொன்று.

தமிழில் இக்கோட்டை நாம் எளிதாகவே இழுக்கலாம். ஒழுக்கம் என்பது ஒழுகு என்னும் வினையடியாகப் பிறந்த சொல். நீர் தன் வாய்க்காலில் ஒழுகுவதுபோல், முன்னோர் சென்ற தடத்தில் நாமும் செல்வது ஒழுக்கம். வள்ளுவர் ஒழுக்கமுடைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர், அவரவர் வருணத்திற்கும் நிலைக்கும் விதிக்கப்பட்ட நடையே ஒழுக்கம் எனப் பொருள் கொண்டார். இவ்வுரையை ஏற்க மறுத்த தமிழறிஞர் பலர் உண்டு. எனினும் அவ்வுரை ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. ஒழுக்கம் என்ற மாத்திரத்தில் பிறப்பின் வரிசை நினைவுக்கு வரக்கூடிய ஓர் உலகம் இங்கே இருந்தது. அறத்தைப் பற்றிப் பேசுமிடத்திலோ வள்ளுவர் மனத்தின் மாசின்மையைக் கேட்கிறாரேயன்றிப் பிறப்பைக் கேட்கவில்லை.

ஆகவே இக்கட்டுரையில், வழிவழியாக வந்த நெறியை ஒழுக்கம் என்போம். அந்நெறியால் அடுத்தவருக்கு நேர்வது என்ன என்று எழும் கேள்வியை அறம் என்போம். முதலாவது நமக்குக் கிடைத்த சொத்து; இரண்டாவது நம்மீது சுமத்தப்பட்ட பொறுப்பு.

உரோமையர் ஒருவர் மதுரையில்

1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்த இராபர்ட் தெ நொபிலி, இயேசு சபைக் குருவாக 1605-இல் கோவாவுக்கும் 1606-இல் மதுரைக்கும் வந்தார். அவருக்கு முன்னரே கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் அங்குப் பணியாற்றிக்கொண்டிருந்தார். மதுரைக்கு வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களையும் போர்த்துக்கீசியரையும் அவர் பேணிவந்தார். ஆனால் மதுரை மக்களிடையே மனமாற்றம் ஏதும் நிகழ்ந்ததாகச் சொல்வதற்கில்லை. காரணம் வெளிப்படை. மாட்டிறைச்சி உண்போர், மது அருந்துவோர், நீராட்டத்தைப் பொருட்படுத்தாதோர் என்று போர்த்துக்கீசியரைப் பறங்கியர் என இகழ்ந்த மக்கள், கிறிஸ்தவராவது என்றால் பறங்கியர் குலத்தில் சேர்வது என்றே கொண்டனர். நற்செய்தி அவர்களுடைய செவியை எட்டுவதற்குள் அதனைச் சுமந்துவந்தவரின் ஒழுக்கம் அவர்களைத் துரத்திவிட்டது.

நொபிலி அடிகளார் இதனை விரைவில் உணர்ந்தார். காவியுடுத்தார், புலால் துறந்தார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், தாம் பறங்கியர் அல்லர் என்று அறிவித்தார். தம்மிடம் திருமுழுக்குப் பெற்ற மேற்குலத்தார் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் நீராட்டத்தையும் தொடர்ந்து கைக்கொள்ள இசைந்தார். இதனால் எழுந்த எதிர்ப்புக்கு விடையாக 1613-இல் இந்திய மக்களின் சில வழக்கங்களைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலேயே சிசரோ எடுத்தாண்ட ‘மோரெஸ்’ என்னும் அச்சொல் இடம்பெற்றிருப்பது நம் கருத்துக்கு உரியது. பூணூலும் குடுமியும் குலத்தையும் தகுதியையும் காட்டும் குடிமை வழக்கங்கள். அவை சமய வழிபாட்டின் அடையாளங்கள் அல்ல. ஆகையால் ஒருவர் கிறிஸ்தவராவதற்கு அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. அவருடைய வாதத்தின் சாரம் இதுவே.

1619-இல் கோவாவில் கூடிய மன்றத்தில் பேராயர் உட்படப் பலர் அவரை எதிர்த்தனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் விடுத்த ஆணைமடல், மூடநம்பிக்கையின் கலப்பு நீக்கப்படவேண்டும் என்ற நிபந்தனையோடு, பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நீராட்டத்தையும் அனுமதித்தது. ஒரு மக்களின் ஒழுக்கத்தை வேறொரு மக்களின் ஒழுக்கத்தைக் கொண்டு அளக்கலாகாது என்பதைத் திருச்சபை அன்று ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்திற்கு அது அரிய பெருந்தன்மை. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஒரே கூடையில் இரு பொருள்கள்

ஆனால் அவ்வாதத்தின் உள்ளேயே ஓர் இடர் ஒளிந்திருந்தது. குடிமை வழக்கம் என்ற கூடையில் குடுமியும் சந்தனமும் மட்டும் ஏறவில்லை, சாதியும் ஏறிக்கொண்டது. குடுமி குலத்தின் அடையாளம் என்றால், குலமும் ஒரு குடிமை ஏற்பாடுதானே? ஏற்பாடு என்றால், அதனை உடைப்பது மறைப்பணியாளரின் வேலையாகுமா? இப்படி ஒரு சிந்தனை அரும்பியது. சந்தனத்துக்குப் பாதுகாப்பாக எழுந்த சொல், சாதிக்கும் அரணாயிற்று.

சந்தனம் நெற்றியில் இருப்பதால் அடுத்தவருக்கு ஒரு தீங்கும் இல்லை. சாதியோ அடுத்தவர் இல்லாமல் நடப்பதில்லை. ஒருவர் உயர, ஒருவர் தாழவேண்டும். ஒருவர் உள்ளே நிற்க, ஒருவர் வெளியே நிற்கவேண்டும். ஒழுக்கத்தின் கண்ணுக்கு இவ்விரண்டும் ஒரே வகை, ஏனெனில் இரண்டும் முன்னோர் தந்தவை. அறத்தின் கண்ணுக்கு இவற்றிடையே மலையளவு தூரம் உண்டு.

1623-ஆம் ஆண்டின் மடலுக்கு இத்தூரம் தெரியாமல் இல்லை. பிறப்பால் பெருமை பாராட்டுவோர் எளியவரை இகழலாகாது என்றும், குறிப்பாக இறைவார்த்தையைக் கேட்பதிலும் அருள்சாதனங்களைப் பெறுவதிலும் கோயிலில் அவர்களிடமிருந்து விலகி நிற்கலாகாது என்றும் அதன் இறுதியில் திருத்தந்தை மன்றாடிக் கேட்டுக்கொண்டார். மடலின் முற்பகுதி அனுமதி, பிற்பகுதி வேண்டுகோள். அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் நெடுங்காலம் ஏட்டிலேயே தங்கிற்று.

1640 முதல் மறைத்தளத்தில் இருவகைத் துறவியர் உருவாயினர். பல்தசார் தா கோஸ்தா அடிகளார் பண்டார சுவாமியாகக் கோலம் பூண்டு தாழ்த்தப்பட்டோரிடையேயும் பணிசெய்யத் தொடங்கினார். பிராமண சந்நியாசிகளாக வாழ்ந்தவர்கள் மேற்குலத்தாரோடு நின்றனர். பண்டார சுவாமிகளின் உழைப்பால் எண்ணிறந்த எளிய மக்கள் திருமுழுக்குப் பெற்றனர் என்பதை நன்றியோடு நினைக்கிறோம். எனினும் ஒரே சபையின் உடன்பிறப்புகளாகிய குருக்கள், ஊரார் கண்முன் ஒருவரையொருவர் அறியாதவர்போல் நடக்கவேண்டிய நிலை அதன் விலையாயிற்று.

அவர்களைத் தீயவர் என்று நாம் தீர்ப்பிடுவது எளிது. ஆனால் அது நீதியாகாது. அவர்கள் வந்த ஐரோப்பாவிலும் பிரபுக்கள் ஒரு வரிசை, குடியானவர் ஒரு வரிசை என்றே சமூகம் அமைந்திருந்தது. அடிமை வாணிகமும் அங்கு நடந்துகொண்டிருந்தது. குலமேன்மை என்பது உரோமைக்கும் புரிந்த மொழி. மதுரையின் ஒழுக்கம் அவர்களுக்குப் புதுமையாயினும், அதனுள் இருந்த ஏற்றத்தாழ்வு அவர்களுக்குப் புதியதன்று. இரு பண்பாடுகளுக்கும் பொதுவாயிருந்த குற்றம் ஒருவர் கண்ணுக்கும் குற்றமாகப் படவில்லை. இதனை நாம் மனத்தில் இருத்தவேண்டும். அயலவர் ஒழுக்கம் நம்முடையதினின்று வேறுபடும்போது நாம் விழித்துக்கொள்கிறோம். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில்தான் உறங்கிவிடுகிறோம்.

உமிழ்நீரும் நோயாளியின் வாசலும்

1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகத் தூர்னோன் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். சீனாவுக்குச் செல்லும் வழியில் மலபார் வழிபாட்டுமுறைகள் என அழைக்கப்பட்ட இச்சிக்கலைத் தீர்ப்பதும் அவருக்கு இடப்பட்ட பணி. உள்நாட்டு மறைத்தளங்களை நேரில் காணாமலே, புதுச்சேரியிலிருந்து விசாரித்து, 1704 ஜூன் 23 அன்று பதினாறு கூறுகள் கொண்ட ஆணையைப் பிறப்பித்தார்.

அவ்வாணையைப் படிப்போர்க்கு இரு பண்பாடுகள் மோதிக்கொள்ளும் ஓசை கேட்கும். அக்காலத் திருமுழுக்குச் சடங்கில் குருவானவர் தம் உமிழ்நீரைத் தொட்டு, திருமுழுக்குப் பெறுபவரின் செவியிலும் மூக்கிலும் இடுவார், அவர்மீது ஊதுவார். ஆண்டவர் செவிடரைக் குணமாக்கிய நிகழ்ச்சியை நினைவூட்டும் இச்சடங்கு உரோமையருக்குப் புனிதமானது. எச்சில் பட்ட பாத்திரத்தையும் தீண்டாத தமிழருக்கோ அது அருவருப்பு. மறைப்பணியாளர் இதனை விட்டுவிட்டிருந்தனர். தூர்னோன் மீண்டும் கட்டாயமாக்கினார். மாறாக, திருமணத்தில் தேங்காய் உடைப்பதும், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும், பெண்பிள்ளை பருவமெய்தும்போது எடுக்கும் விழாவும், நீராட்டச் சடங்கும், திருநீறும் தமிழருக்கு வாழ்வின் ஒழுங்கு. இவை உரோமைத் தூதருக்கு மூடநம்பிக்கையாகத் தோன்றின, தடைசெய்தார். மாதவிலக்குற்ற பெண்கள் கோயிலுக்கும் ஒப்புரவுக்கும் வரலாகாது என்று நிலவிய வழக்கத்தையும் விலக்கினார்.

அந்தப் பட்டியலின் நடுவிலேயே வேறொரு கூறும் இருந்தது. அன்றைய ஆவணங்கள் பறையர் என்று குறிப்பிடும் மக்கள் நோயுற்று மரணத்தறுவாயில் கிடக்கும்போது, குருவானவர் அவர்கள் வீட்டுக்குள் சென்று அருள்சாதனம் வழங்க வேண்டும் என்பதே அது. நோயாளியைக் கோயிலுக்கோ பொது இடத்திற்கோ தூக்கிவரச் செய்யும் வழக்கம் இருந்தது. ஆன்ம மருத்துவர்கள் என்போர், உடல் மருத்துவர் ஒருவர் செய்யக்கூடிய அன்புச் செயலையும் மறுப்பதைத் தம்மால் பொறுக்கவியலாது என்று தூதர் கருதினார்.

இங்கே நாம் சற்று நின்று நோக்கவேண்டும். தேங்காயும் எச்சிலும் நோயாளியின் வாசலும் ஒரே பட்டியலில், ஒரே குரலில் கட்டளையிடப்பட்டிருந்தன. 1623-இல் அனுமதிக்கும் கை, விட்டுக்கொடுக்கத் தக்கதையும் தகாததையும் ஒரே கூடையில் இட்டது. 1704-இல் தடைசெய்யும் கையும் அவ்வாறே செய்தது. இதன் விளைவு என்ன? மறைப்பணியாளர் பலர் தேங்காய்க்காகவும் உமிழ்நீருக்காகவும் வாதாடியபோது, நோயாளியின் வாசலும் அவ்வாதத்தில் சிக்கிக்கொண்டது. வழக்கு உரோமையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடந்தது. 1744 செப்டம்பர் 12 அன்று திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் விடுத்த ஆணைமடல் அதனை முடித்துவைத்தது. தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனியாகக் குருக்களை நியமிப்பதாக இயேசு சபையார் முன்வைத்த ஏற்பாட்டைத் திருத்தந்தை ஏற்றார். நோயாளிக்குக் குருவானவர் கிடைத்தார். வாசல்களின் வேறுபாடு மட்டும் அப்படியே நின்றது.

1745: ஓர் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

அம்மடலுக்கு அடுத்த ஆண்டில் நடந்த இரு நிகழ்ச்சிகள் சிந்தனைக்குரியன. புதுச்சேரிக் கோயிலில் சாதிக் கிறிஸ்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்துநின்ற சுவரைக் குருவானவர் அகற்றச் செய்ததையும், அதனால் மேற்குலத்தார் சினந்து எழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டின் செய்தியாகப் பதிவு செய்துள்ளார். சுவர் போனாலும் பிரிவினை வேறு உருவில் தொடர்ந்தது.

அதே 1745-இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், திருவிதாங்கூர் அரசுப் பணியாளர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள், குல வரம்பை மீறித் தாழ்ந்தவர் எனப்பட்டோரோடு கலந்து பழகினார் என்பதும் ஒன்று. 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் காலத்து ஒழுக்கத்தின்படி அவர் நெறி தவறியவர். அறத்தின்படி அவர் யார் என்பதை 2022 மே 15 அன்று உரோமையில் அவருக்கு வழங்கப்பட்ட புனிதர் பட்டம் உலகுக்கு அறிவித்தது. அவர் திருமுழுக்குப் பெற்ற அந்த வடக்கன்குளத்திலேயே பின்னாளில் எழுந்த சுவரைப் பற்றிச் சிறிது பின்னர் பேசுவோம்.

இக்குழப்பம் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. தஞ்சையில் ஷ்வார்ட்ஸ் ஐயர் காலத்தில் சாதிக்கேற்பத் தனித்தனியே அமர்வது பொறுத்துக்கொள்ளப்பட்டது. அவருக்குப் பின்வந்த தலைமுறை மறைப்பணியாளர் அதனை ஒழிக்க முற்பட்டனர். 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சாதிவேற்றுமை முற்றாக அகலவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். ஷ்வார்ட்ஸ் வளர்த்த மாணவராகிய கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், புதியவர்களைக் கண்டித்து எழுதினார். விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றியது, எல்லாச் சாதியாரையும் சேர்ந்தமர வற்புறுத்தியது, விழாவுக்கும் மலருக்கும் தடைவிதித்தது, வழிபாட்டில் தமிழிசையை நிறுத்தியது ஆகியவை அவருடைய முறையீடுகள். தமிழிசைக்காகவும் மலருக்காகவும் அவர் சிந்திய கண்ணீரில் நாமும் பங்குகொள்கிறோம். ஆனால் மலரும் இசையும் தனியிருக்கையும் ஒரே முறையீட்டில் வந்து நிற்பதைக் காணும்போது, மதுரையின் பழைய கூடையே தஞ்சையிலும் சுமக்கப்பட்டதை உணர்கிறோம். வந்தவர் எல்லாவற்றையும் கொட்டிவிட விரும்பினர். இருந்தவர் எல்லாவற்றையும் காக்க விரும்பினர். எடுத்துப் பிரித்துப் பார்க்க இருதரப்பிலும் பொறுமை இல்லை.

வடக்கன்குளத்துச் சுவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கன்குளத்தில் எழுந்த கோயில் ஒரு விந்தையான அமைப்புடையது. ஒரே பீடம், அதனை நோக்கி இரு கால்களைப்போல் விரிந்து செல்லும் இரண்டு மண்டபங்கள், நடுவே சுவர். ஒன்று வேளாளர் வழிவந்தோருக்கு. மற்றொன்று நாடார் வழிவந்தோருக்கு. இரு கூட்டத்தாரும் பலிபீடத்தைக் காணலாம், ஒருவரையொருவர் காணவியலாது. கட்டிடக்கலையால் ஒழுக்கம் முற்றாகக் காக்கப்பட்டது. ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் ஒரே உடல் என்னும் மறையுண்மை மட்டும் சுவரில் மோதி நின்றது.

1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய கௌசானல் அடிகளாரின் பெயர் இச்செயலோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. தம் உரிமை பறிபோயிற்று என்று மேற்குலத்தார் வழக்குத் தொடுத்தனர். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கோயிலின் ஒரு பகுதி தங்களுக்கே உரியது என்ற அவர்களது கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர்கள் முன்வைத்த வாதத்தின் அடித்தளம் புதியதன்று: இது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பதே. 1613-இல் குடுமியைக் காக்க எழுந்த சொல்லின் பேரக்குழந்தை, முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் சுவரைக் காக்க நீதிமன்றப் படியேறியது.

அந்தியோக்கியாவின் அளவுகோல்

விட்டுக்கொடுக்கத் தக்க வழக்கம் எது, விட்டுக்கொடுக்கத் தகாதது எது என்று அறிய அளவுகோல் உண்டா? உண்டு, அது மதுரைக்கும் உரோமைக்கும் முற்பட்டது. அந்தியோக்கியாவில் பேதுரு, பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் திருமுகத்தில் படிக்கிறோம். யூத ஒழுக்கத்தைப் பவுல் வெறுக்கவில்லை. தாமே திமொத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தவர் அவர்; யூதருக்கு யூதரானவர். ஒருவர் எதை உண்கிறார் என்பதில் அவருக்கு வழக்கில்லை. யாரோடு உண்ண மறுக்கிறார் என்பதில்தான் அவர் வெகுண்டார்.

அந்த அளவுகோலைக் கொண்டு மேலே கண்ட வரலாற்றை மீண்டும் அளந்துபார்ப்போம். மறைப்பணியாளர் மீது சுமத்தப்பட்டிருந்த மலபார் முறைகள் குறித்த உறுதிமொழி 1940-இல் நீக்கப்பட்டது. 1969-இல் இந்திய வழிபாட்டுக்கென உரோமை ஒப்பளித்த பன்னிரு கூறுகளில் குத்துவிளக்கும் ஆரத்தியும் கைகூப்பி வணங்குதலும் இடம்பெற்றன. திருமுழுக்கில் உமிழ்நீரை இன்று யாரும் நாடுவதில்லை. வழக்கங்களைப் பொறுத்தமட்டில் 1623-இல் ஆம், 1704-இல் இல்லை, 1969-இல் மீண்டும் ஆம் என்று தீர்ப்பு தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. எளியவரை விலக்குவது பற்றியோ, நடைமுறை எத்தனை முறை சறுக்கினாலும், சொல் ஒருமுறையும் மாறவில்லை. 1623-இன் மன்றாட்டும், 1704-இன் நோயாளிக்கான கூறும், பாகுபாடு எவ்வுருவில் வந்தாலும் அது இறைத்திட்டத்துக்கு முரணானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கூறியதும், சாதிச்சார்பு கிறிஸ்தவ உறவுக்கு எதிர்ச்சான்று என்று 2003-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் எடுத்துரைத்ததும் ஒரே திசையையே காட்டுகின்றன. காலத்தோடு மாறுவது ஒழுக்கம். எத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் திரும்பத் திரும்ப அதே வாசலில் வந்து தட்டுவது அறம்.

நம் தலைமுறையின் கூடை

இது பழங்கதை என்று ஏட்டை மூடிவிட நமக்கு உரிமையில்லை. 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது என்பதே நிலையை உணர்த்தும். கோயிலுக்குள் சுவர் போன பின்னும் கல்லறைத் தோட்டத்தில் வரப்பு இருக்கும் ஊர்கள் உண்டு. திருவிழாத் தேர் சில தெருக்களுக்குள் திரும்பாத ஊர்கள் உண்டு. மணமகள் தேவை விளம்பரத்தில் ஆர்.சி. என்ற எழுத்துகளுக்கு அருகிலேயே சாதிப்பெயரும் அமர்ந்திருக்கிறது.

இன்றைய வீடுகளில் இரு தலைமுறைகளுக்கிடையே எழும் பூசல்களையும் இவ்வெளிச்சத்தில் நோக்கலாம். பிள்ளைகளின் உடையும் சிகையும் பேச்சும் கெட்டுவிட்டன என்று பெரியவர்கள் வருந்துகின்றனர். தான் விரும்பிய துணை நல்லவராயிருந்தும் சாதி வேறென்பதால் பெற்றோர் மறுக்கின்றனரே என்று மகள் அழுகிறாள். இரண்டையும் ஒழுக்கம் என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம். அவள் அணியும் உடை சந்தனத்தைப்போன்றது. அது மாறும், மீண்டும் மாறும். அவள் தேர்ந்த மனிதரை வாசலில் நிறுத்திவைப்பதோ வடக்கன்குளத்துச் சுவரைப்போன்றது. அதேவேளை இளையோருக்கும் ஒரு சொல்: பழையது என்பதாலேயே ஒன்றை எறிந்துவிடுவதும், பழையது என்பதாலேயே ஒன்றைக் காப்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். மலரையும் இசையையும் எறிந்த தஞ்சை மறைப்பணியாளரின் தவறு அவர்களுக்கும் நேரலாம்.

அப்படியானால் ஒழுக்கமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். அறத்துக்கு உயிர் உண்டு. ஆனால் அது நடமாட ஓர் உடல் வேண்டும். அந்த உடலைத் தருவது ஒழுக்கம். எல்லாரும் சமம் என்னும் எண்ணம் எண்ணமாகவே இருந்தால் ஒரு தலைமுறையோடு கரைந்துவிடும். ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குவதும், திருவிழா அசனத்தில் ஒரே பந்தியில் அமர்வதும், இறந்தவரை ஒரே மண்ணில் அடக்குவதும் வழக்கமாகிவிட்டால், நம் பேரப்பிள்ளைகள் காரணம் கேளாமலே அவற்றைச் செய்வர். அவர்களுக்கு அது ஒழுக்கமாக இருக்கும். ஒரு தலைமுறை அறத்தால் பெற்றதை அடுத்த தலைமுறை ஒழுக்கத்தால் காப்பது இவ்வாறே.

ஆகவே நம் கையிலும் ஒரு கூடை உண்டு. பெற்றோரிடமிருந்து வாங்கியது, பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போவது. கைமாற்றுமுன் அதிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இதனால் வாசலுக்கு வெளியே நிற்பவர் யாரேனும் உண்டா என்று கேட்போம். இல்லையெனில் அன்போடு உள்ளே வைப்போம். உண்டெனில், எத்துணைத் தொன்மையானதாயினும், அதனை அங்கேயே விட்டுச் செல்வோம். 1623-ஆம் ஆண்டின் மடலில் மன்றாட்டு கடைசி வரியாக நின்றது. நம் வாழ்வில் அது முதல் வரியாகட்டும்.